சடைகள் திசை காட்டிய ஊர்

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவதில் தேரிக்குடிக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சுற்றுப்பட்டு ஊர்களில் கேலி பேசுவார்கள். பேசட்டும். பேன் நிஜமாகவே பெருமாளாகி, ஓட்டு வீடு மாடி வீடு பாராமல், கோயில் தெரு, பள்ளிவாசல் தெரு, சர்ச் தெரு என்று மூன்று தெருவையும் முடியாலேயே கட்டி இழுத்தது தேரிக்குடியில் மட்டும்தான் நடந்தது. மற்ற ஊர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அந்தப் பொறாமையில் பேசுகிறார்கள்.

அந்த ஊரில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள் பேச்சித்தாய். புருஷன் உடையார் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வடக்கே கிடப்பான். ஒரே மகள் இசக்கி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. நாலு வயதில் டைபாய்டு வந்து, சீப்பை வைத்த இடமெல்லாம் கொத்துக் கொத்தாய்க் கொட்டிப்போன தலை அது. கரிசலாங்கண்ணி காய்ச்சித் தேய்த்து, செம்பருத்தி அரைத்துப் பூசி, விடிந்தால் ஒரு தடவை, அடைந்தால் ஒரு தடவை என்று கோதிக் கோதி, கழுத்துக்கு இறக்கி, முதுகுக்கு இறக்கி, இடுப்புக்கும் கீழே இறக்கிக் கொண்டுவந்திருந்தாள் பேச்சித்தாய். காலையில் அதை இரண்டாகப் பிரித்துச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் வைத்துக் கட்டிப் பிள்ளையை அனுப்பிவிட்டுத் தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாள், கிரைண்டர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்ட தலையிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை, தமிழ்ப் பாடம் நடக்கும்போது, பேன் ஒன்று நிதானமாக இறங்கிச் சட்டைக் காலரில் ஊர்ந்ததைப் பின்பெஞ்சு பார்த்துவிட்டது. பள்ளிக்கூடம் முழுக்க அரிப்புதான், ஆனால் அகப்பட்டவள் இசக்கி. அன்று சாயங்காலமே பெற்றோர் ஆசிரியர் கழகம் கூடியது. தலைவி சண்முகக்கனி, ரைஸ்மில் வீட்டு மருமகள், பேச்சில் வல்லவள், அவள் மகள் தர்ஷிகாவும் அதே வகுப்புதான். ஒரு தலையால் இத்தனை தலை கெட்டுப்போவதா என்று அவள் கேட்டதும் கூட்டம் தலையைச் சொறிந்துகொண்டே ஆமாம் போட்டது. திங்கட்கிழமை வரும்போது இசக்கி மொட்டை போட்டுக்கொண்டு வரவேண்டும், இல்லையென்றால் வரவேண்டாம் என்று முடிவானது. தலைமையாசிரியை ஹெலன் டீச்சர் பிள்ளைக்காக ஏதோ சொல்ல வாயெடுத்தார், சத்தத்தில் அது எடுபடவில்லை. பேச்சித்தாய் எழுந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சாமிக்கு நேந்து எடுத்தா அது முடிகாணிக்கை. உங்களுக்குப் பயந்து எடுத்தா, அதுக்கு என்னக்கா பேரு?"

சண்முகக்கனி கூட்டத்தை முடித்துவிட்டு எழுந்தாள், முடிவை யாரும் மாற்றவில்லை.

சனியும் ஞாயிறும் பேச்சித்தாய் பேன்சீப்பும் கையுமாய் உட்கார்ந்தாள். எடுக்க எடுக்க வந்தது. எந்தச் சிறுக்கி தலையிலிருந்து இது வந்ததோ, அது மட்டும் தெரிந்தால் போதும் என்று பல்லைக் கடித்தாள். மண்ணெண்ணெய் தடவச் சொன்னவளைத் தெருவிலேயே வைத்து வைதாள். நாசிக்கில் வெங்காய லோடுக்குக் காத்துக் கிடந்த உடையார் போனில், முடி போனால் முளைக்கும், படிப்பு போனால் முளைக்குமா என்று கேட்டான். கேட்டது நியாயந்தான். திங்கட்கிழமை காலையில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த சுடலைமுத்து சலூனுக்குள் நுழைந்தாள். இசக்கி அழவில்லை. அழுதிருந்தால் பேச்சித்தாய் அப்படியே திரும்பியிருப்பாள்.

சுடலைமுத்து துணியைப் போர்த்தி, ரிப்பனை அவிழ்த்து, கத்தரிக்கோலை எடுத்தார். அப்போது இசக்கியின் இரண்டு சடையும் எழுந்தன. காற்று இல்லை, ஃபேனும் ஓடவில்லை. வலதுபக்கச் சடை நேராக நீண்டு நுனி மட்டும் லேசாக ஆடியபடி பேச்சித்தாயின் முகத்துக்கு நேரே நின்றது, இடதுபக்கச் சடை வாசலைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. முப்பது வருஷமாய் முடி வெட்டுகிறவர், முடியின் குணம் அறிந்தவர், இது வெட்டுகிற முடியில்லை என்று கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டார்.

அதே நேரம் எதிரே காலைப் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்ற பெண்பிள்ளைகளின் சடையெல்லாம் ரிப்பனைப் பிய்த்துக்கொண்டு எழுந்தன, பையன்களின் குட்டை முடி வயலில் காற்றடித்தாற்போல ஒருபக்கமாய்ச் சாய்ந்தது. அந்தச் சடை இந்தப் பிள்ளையைக் காட்டியது, இந்தச் சடை அடுத்த வரிசையைக் காட்டியது, ஐந்தாம் வகுப்பின் சடைகள் மட்டும் ஒன்று தவறாமல் எல்லாமே வெளிவாசலைக் காட்டின. தலை இழுத்த இழுப்புக்கு அந்தப் பிள்ளைகள் நடக்க ஆரம்பித்தார்கள், பின்னால் டீச்சர்மார், பின்னால் சத்துணவு ஆயா கரண்டியோடு, சாலையில் வந்த மினிபஸ் பொறுமையாக நின்று வழிவிட்டது. வந்தவர்கள் சலூன் வாசலில் நின்றார்கள். அத்தனை சடையும் உள்ளே நாற்காலியில் துணி போர்த்தி உட்கார்ந்திருந்த இசக்கியைக் காட்டிக்கொண்டிருந்தன.

யார் தலைப் பேன் யாரிடமிருந்து வந்ததோ அந்த ஆளை முடி காட்டுகிறது என்பதைத் தேரிக்குடிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்தவுடனே புரிந்தது. ஏன் எப்படி என்று கேட்டு நேரத்தை வீணாக்குகிற ஊரும் அது இல்லை. மகளை விட்டுவிட்டுப் போக வந்த சண்முகக்கனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா என்று அவள் ஆரம்பித்தபோது, பேச்சித்தாயின் கொண்டை தானாக அவிழ்ந்து, சுழன்று, முறுக்கிய கயிறாய் நீண்டு சண்முகக்கனியின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. அவள் பின்வாங்கினாள், அது தொடர்ந்தது. சண்முகக்கனி வைத்திருந்த மல்லிகைச் சரத்தோடு அவள் பின்னலும் எழுந்து தன் மகள் தர்ஷிகாவைக் காட்டியது. தர்ஷிகாவின் சடை ஏற்கெனவே இசக்கியைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆக, தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. இசக்கியின் இடதுசடை காட்டிய ஆள் யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்க்க, ஹெலன் டீச்சர் தன் கொண்டையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து ஊர் சடையோடு வாழப் பழகியது. தேரிக்குடி எதற்கும் பழகிவிடும். மினிபஸ்ஸில் பெண்கள் ஏறினால் கண்டக்டர் முதலில் முடி போகிற திசையைப் பார்த்து, அதற்குத் தோதாக இடம் பிரித்துக் கொடுத்தார். போட்டோ ஸ்டுடியோக்காரர் கல்யாண ஜோடியை எந்தப் பக்கம் நிறுத்தினாலும் மாப்பிள்ளையின் கிராப்பு மாமியார் வீட்டுக் கொழுந்தியாளைக் காட்டாமல் இருக்கவேண்டுமே என்று பிரார்த்தித்துக்கொண்டே படமெடுத்தார். பேசிக்கொள்ளவே மாட்டோம் என்று சபதம் போட்டு ஆறேழு மாதமாகப் பாத்திரத்தைத் தட்டியே சோறு கேட்டுக்கொண்டிருந்த சர்ச் தெருப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரின் முடியும் ஒன்றையொன்று காட்டி நின்றன, தெரு கைகொட்டிச் சிரித்தது, அவர்களும் சிரித்துவிட்டார்கள். வரப்புச் சண்டையில் கோர்ட்டுக்குப் போன இரண்டு குடும்பத்து மருமகள்கள் கொல்லைப்புறம் வழியாகச் சந்தித்துக்கொள்வதும் முடியால்தான் வெளியே வந்தது. நாசிக்கிலிருந்து உடையார் போன் செய்தான்.

"ஏளா, எந்தலை முடி பூரா தெக்க பாத்து நிக்கி. இங்க டிரைவர்மாரெல்லாம் எங்கிட்டதான் திசை கேக்கானுவ. அங்க என்னதான் நடக்கு?"

பேச்சித்தாய்க்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஊருக்கெல்லாம் வேடிக்கையாக இருந்தது, அவள் மகளுக்கு இல்லை. சலூனிலிருந்து ஹெலன் டீச்சரே இசக்கியைக் கையைப் பிடித்து வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார், அது உண்மை. ஆனால் சண்முகக்கனி விடவில்லை. என் சடை ஒன்றைக் காட்டினால் என்ன, அந்தப் பிள்ளையை ஒரு வகுப்பே காட்டுகிறதே என்று தெருத்தெருவாகப் பேசினாள், அம்மாமார் பயந்தார்கள். இசக்கியைக் கடைசி பெஞ்சில், கதவோரம், தனியே உட்கார்த்தி வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அவர்கள் சடைகள் மட்டும் பின்பக்கமாய்த் திரும்பி நாள் முழுக்க அவளையே காட்டி நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு வாரம் கழித்துத் திங்கட்கிழமை கூட்டம், அன்றைக்கு மொட்டையா இல்லை மாற்றுச் சான்றிதழா என்று பேசி முடிப்பதாக ஏற்பாடு. மாவு வாங்க யாரும் வருவதில்லை, புளித்த மாவைப் பேச்சித்தாய் வாய்க்காலில் கொட்டினாள். அது போகட்டும், பிள்ளை வீட்டுக்கு வந்தால் பேசுவதே இல்லையே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இதற்கிடையில் ஊர் சும்மா இருந்தது என்று நினைக்கவேண்டாம். மானத்துக்குப் பயந்து ஒவ்வொரு வீடும் தலைக்கு எண்ணெய் வைத்து வாரித் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. பள்ளிவாசல் தெருவில் ஜும்ஆவுக்கு முந்தின வியாழக்கிழமை வாரினார்கள், அங்கே முடியெல்லாம் படிந்தது. கோயில் தெருவில் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், ஆனால் வெள்ளிக்கிழமை பேனைக் குத்தினால் மகாலட்சுமி போய்விடுவாள் என்று குளியலை மட்டும் முடித்துக்கொண்டு சீப்பை மூடி வைத்தார்கள். சர்ச் தெருவில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்காக சனிக்கிழமை வாரினார்கள். வியாழன் வீட்டில் படிந்த முடி, திங்கட்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கூடியதும் வெள்ளி வீட்டைக் காட்டி எழுந்தது. சனி வீட்டில் படிந்தது வியாழன் வீட்டைக் காட்டி எழுந்தது. தன் நாளில் சுத்தம் செய்து, அடுத்தவன் நாளில் வாங்கிக்கொள்வது என்று காலங்காலமாக இதைத்தான் தேரிக்குடி செய்துகொண்டிருந்தது, கண்ணால் பார்க்கத்தான் இத்தனை காலம் ஆகியிருந்தது.

கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம் பேச்சித்தாய் மகளைப் பிடித்து உலுக்கினாள். இத்தனை தலையும் உன்னைக் காட்டுகிற அளவுக்கு என்னடி பண்ணித் தொலைத்தாய் என்று கேட்டாள். கேட்டது கோபத்தில். இசக்கி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மத்தியானம் தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருந்து நா கத சொல்லுவேம்மா. சத்தமாச் சொன்னா டீச்சர் வைவாவ. அதான் மெதுவாச் சொல்லுவேன். கேக்கணும்னு எல்லாரும் எந்தலையோட தலைய ஒட்ட வச்சிக்கிடுவாளுவ."

பேச்சித்தாய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எல்லா நாளும் அந்தத் தலையை வாரியவள், அதற்குள்ளே இவ்வளவு இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பெருமை பொங்கியது, மொட்டை போடக் கூட்டிக்கொண்டு போனோமே என்று மனசு அடித்துக்கொண்டது. உன் வலதுசடை என்னைக் காட்டியதே, நான் கொடுத்ததுதானே உனக்கு என்றாள். ஆமா, நீ பக்கத்தில் படுத்துத் தூங்கினால்தானே எனக்குத் தூக்கம் வரும் என்றது பிள்ளை.

கூட்டத்தில் நாற்காலி பற்றவில்லை, ஆண்கள் சன்னலில் தொற்றி நின்றார்கள். அத்தனை முடியும் அங்குமிங்கும் நீட்டிக்கொண்டிருந்ததால் குனிந்து குனிந்துதான் உள்ளே போகவேண்டியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஜீனத்தை ஹெலன் டீச்சர் வரச்சொல்லியிருந்தார், அவர் முக்காடும் ஒருபக்கமாய்ப் புடைத்து யாரையோ காட்டிக்கொண்டிருந்தது. பேன் பறக்காது, குதிக்காது, அழுக்கைத் தேடி வராது, தலையும் தலையும் தொட்டால் நடந்து போகும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வித்தை என்றார். சண்முகக்கனி எழுந்து, அப்படியென்றால் ஒரு வகுப்பே காட்டுகிற தலையை என்ன செய்வது என்று கேட்டாள். பேச்சித்தாய் எழுந்தாள். அவள் முடி கூட்டத்துக்கு மேலாக நீண்டு சண்முகக்கனியைக் காட்டியபடி இருந்தது.

"இத்தன தலை எம்பிள்ளையக் காட்டுதுன்னா, இத்தன பிள்ளையளும் அவகிட்ட தலைய ஒட்டி வச்சிக் கத கேட்டிருக்குதுவ. பிரியமில்லாத தலையில பேன் ஏறாதுக்கா. எந்தலை உங்களக் காட்டுது. எப்படின்னு நீங்களே சொல்லுங்க."

சண்முகக்கனி முந்தானையைச் சரிசெய்தாள், விசிறியை எடுத்தாள், வைத்தாள்.

"கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்கப் போயிட்டு வந்தோமே. பஸ்ல நீ எம்மேல சாஞ்சு தூங்கிட்ட."

"நீங்கதானக்கா மொதல்ல சாஞ்சிய. பாவம், அலைச்சல்ல அசந்துட்டாவளேன்னு நானும் அசையாம இருந்தேன்."

"தெரியும்" என்றாள் சண்முகக்கனி. "நா பாதிதான் தூங்குனேன். நல்லாருந்துச்சு, அதான் எந்திரிக்கல."

யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், அப்புறம் ஒவ்வொருவராகத் தன் முடி யாரைக் காட்டுகிறது என்று பார்க்க ஆரம்பித்து, எந்த மடியில் படுத்தோம், எந்தத் துஷ்டி வீட்டில் யாரைக் கட்டிக்கொண்டு அழுதோம், எந்தப் பிள்ளையின் காய்ச்சலுக்குப் பக்கத்திலேயே குனிந்திருந்தோம் என்று ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். ஹெலன் டீச்சரும் சொன்னார், ஒருநாள் மத்தியானம் இசக்கி காய்ச்சலில் அனத்தியபோது ஆபீஸ் பெஞ்சில் மடியில் போட்டுக்கொண்டு தானும் கண்ணயர்ந்துவிட்டதாகச் சொன்னார். மொட்டையைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை.

மிச்சமிருந்தது நாள் குறிக்கிற வேலை. எல்லாத் தலையையும் ஒரே நாளில் வாரினால்தான் ஆகும் என்று ஜீனத் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கேதான் பெரிய சண்டை மூண்டது. வியாழன் சர்ச் தெருவுக்கு ஒத்துவரவில்லை, வெள்ளி மகாலட்சுமிக்கு ஒத்துவரவில்லை, சனி பள்ளிவாசல் தெருவுக்குச் சந்தை, ஞாயிறு பூசை, திங்கள் சோமவாரம், செவ்வாய் ஆகவே ஆகாது. விரல் மடக்கி மடக்கி மிஞ்சியது ஒன்றுதான், சன்னலில் தொற்றி நின்ற ரைஸ்மில்காரரே அதைச் சொன்னார்: பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது.

அந்தப் புதன்கிழமை தேரிக்குடியில் கடை திறக்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடியது. யார் தலையை யார் வாருவது என்று பேசவே வேண்டியிருக்கவில்லை, அவரவர் முடி காட்டிய ஆளுக்குப் பின்னால் அவரவர் உட்கார்ந்தார்கள், அது ஒரு வட்டமாகி, வட்டத்துக்குள் வட்டமாகி, மைதானம் கொள்ளாமல் ரோட்டில் வந்து நின்றது. ஈரத்தலையில் எண்ணெய் பூசி, சிறு கத்தையாகப் பிரித்து, பேன்சீப்பை அடியிலிருந்து நுனிவரை இழுத்து, வெள்ளைத்துணியில் துடைத்து, மறுபடி இழுத்தார்கள். ஜீனத் காட்டிக்கொடுத்த முறை அது. வீட்டுக்கு வீடு சீப்பையும் ரிப்பனையும் அண்டாவில் வெந்நீரில் முக்கி எடுத்தார்கள், தலையணை உறையெல்லாம் வெயிலில் கிடந்தது. கட்டிய நாளிலிருந்து பெண்டாட்டி தலையைத் தொட்டறியாத ஆண்கள் சிக்கெடுத்து வாரினார்கள். லோடை மாற்றிவிட்டு ஓடிவந்த உடையார் மகளுக்குப் பின்னால் சீப்போடு உட்கார்ந்தான். சண்முகக்கனிக்குப் பின்னால் பேச்சித்தாய் உட்கார்ந்தாள், அவளை நோகாமல் வாரினாள், வேண்டுமென்றே ஓரிரு இழுப்பு நோகவும் வாரினாள். ஒவ்வொரு தலையாக முடி படிந்தபோது மைதானத்தில் குலவை எழுந்தது. தப்பித்த ஈர் பொரிந்திருக்கும் என்று அடுத்த புதனும் கூடினார்கள், அதற்கடுத்த புதனும் கூடினார்கள். மூன்றாவது புதன் சாயங்காலம் ஊரில் ஒரு முடிகூட எழுந்து நிற்கவில்லை.

மறுநாள் மத்தியானம் பேச்சித்தாய்க்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்து மதில் பக்கம் போனால், சண்முகக்கனி ஏற்கெனவே அங்கே எக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இசக்கி நடுவில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் வகுப்பு மொத்தமும் இருந்தது, ஆனால் எட்ட இருந்தது, தலையைத் தலையோடு வைக்கக்கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் அடித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இசக்கி மெதுவாகச் சொன்னாள், கேட்கவில்லை என்றார்கள். சத்தமாகச் சொன்னாள், அது கதையாக இல்லை, பாடம் ஒப்பிக்கிறதாக இருந்தது. அவள் நிறுத்திவிட்டாள். பிள்ளைகள் புல்லைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷிகா மட்டும் கொஞ்சம் நகர்ந்து, மதில் மேல் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

பேச்சித்தாய் சண்முகக்கனியைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லவேண்டியது தானில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"கிட்டத்துல போயி உக்காருட்டி" என்றாள் சண்முகக்கனி. "ஒட்டுனா ஒட்டட்டும். புதன்கிழமை வரத்தான செய்யும்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், அப்புறம் ஒரே தாவலில் நெருங்கினார்கள், எல்லாத் தலையும் இசக்கியின் தலையோடு சேர்ந்தது. அவள் குரல் இறங்கியது. மதில் பக்கம் ஒரு வார்த்தையும் வரவில்லை. இரண்டு அம்மாமாரும் எக்கிப் பார்த்தார்கள், காதைக் கொடுத்துப் பார்த்தார்கள், கடைசியில் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், பிள்ளைகளுக்குப் பின்னால் மண்ணில் உட்கார்ந்து, தலையை நீட்டிச் சேர்த்து வைத்துக் கதை கேட்டார்கள்.